வலமுறுக்கு நூலும் இடமுறுக்கு நூலும்: ரோஸ்மேரி அம்மையாருக்குப் பின்னற்கூடத்தார் படைக்கும் மடல்

பருத்தியின் வெண்மையும் பனிக்காலையின் தண்மையும் ஒருங்கே குடிகொண்ட உள்ளத்தினரே, கண்ணுக்குப் புலப்படாத கண்ணியின் பிழையையும் கண்டு, கண்டதைக் கடிந்து கூறாது கனிந்து கூறிய பெருந்தகையீரே, இருபத்தைந்து ஆண்டுக்காலம் எம்மிடையே இருந்து, இன்று இளைப்பாற ஏகும் எங்கள் தர ஆய்வுப் பொறுப்பாளர் திருமதி ஞா. ரோஸ்மேரி அம்மையீரே, பெருமாநல்லூர் கிளுவங்காடு நிட்வேர்ஸ் பணியாளர் அனைவரும் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கணவர் ஜெபக்குமாரோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இவ்வூர் வந்து இறங்கினீர்கள். செக்கிங் மேசையில் துணி பார்க்கும் பெண்ணாகச் சேர்ந்தீர்கள். விளக்குப் பெட்டியின் வெள்ளொளியில் விரித்த துணியை விரலால் தடவி, விழியால் வருடி, படிப்படியாக உயர்ந்து தர ஆய்வுப் பொறுப்பை ஏற்றீர்கள். பொறுமையில் நிலம், பொறுப்பில் மலை என்று இன்னும் பத்துப் பண்புகளை அடுக்கலாம். அடுக்கத்தான் எண்ணினோம்.

ஆனால் இம்மடலை எழுதும் பணியைக் குழுவினர் என்னிடம் தந்துவிட்டார்கள். நான் நிட்டிங் பிரிவின் போர்மன் மருதாசலம். பள்ளிக்காலத்தில் தமிழில் பேர் வாங்கியவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். எழுத உட்கார்ந்த நான்கு நாளும் ஒரே நிகழ்ச்சிதான் என் முன்னால் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் இம்மடல் பொய்யாகிவிடும். எனவே, அம்மையீர், இங்கிருந்து ‘நாங்கள்’ என்பதைச் சற்று நிறுத்திவைத்து ‘நான்’ என்றே எழுதுகிறேன்.

காலைச் சங்கு ஊதுமுன் தாங்கள் வந்துவிடுவீர்கள். விளக்குப் பெட்டியருகே கண்மூடிச் சற்று நிற்பீர்கள். சன்னல் வழி வரும் வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மிதந்து தங்கள் தலைமுடியில் இறங்கும். தங்கள் கழுத்தில் சிறு சிலுவை. எங்களில் பலர் நெற்றியில் திருநீறு. யாருக்கும் அது உறுத்தியதில்லை. ஒருநாள் தையல் பிரிவின் நாகஜோதி, “தெனமும் என்னக்கா வேண்டிக்கிறீங்க?” என்று கேட்டபோது தாங்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“பெருசா ஒண்ணும் இல்ல தாயி. இத்தன நாளு பாக்காத ஒண்ண இன்னைக்குப் பாக்கக் கண்ணு குடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேக்கேன். அவரு சும்மா இருந்த இடத்துல உலகத்தையே புதுசா உண்டாக்கினவரு. நம்மள அவரு சாயல்ல படைச்சாருன்னா, நமக்கும் துளியாவது புதுசா யோசிக்க வரணும்லா?”

அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். நூலுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணினேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் நீங்கி, நம் பகுதி முழுவதும் பெரிய ஆர்டர்களுக்குக் காத்திருந்த காலம். நம் முதலாளி மகுடேஸ்வரன் அவர்கள் அதுவரை கண்டிராத பெரிய ஆர்டர் ஒன்றை பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒருவரிடம் பிடித்து வந்தார். சிங்கிள் ஜெர்சி என்று நாங்கள் சொல்லும் மெல்லிய துணியில் டீ சர்ட். தைத்து முடித்தபோது பார்வைக்கு அழகாகவே இருந்தது. சோதனைக்குத் துவைத்தபோதுதான் வினை தெரிந்தது. இடுப்போரம் நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்வயிற்றுக்கு வந்து நின்றது. பையர் முதல் சாம்பிளைத் திருப்பினார். இரண்டாவதையும் திருப்பினார். “பத்து நாளில் சரியான சாம்பிள் வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும்” என்று எழுதினார். அந்த ஆர்டரை நம்பி முதலாளி புதிதாக ஐம்பது பேரை வேலைக்கு எடுத்திருந்தார்.

இயந்திரம் என் பொறுப்பு. நூலின் இழுவையை மாற்றினேன், பின்னற் கண்ணியின் நீளத்தைக் குறைத்தேன். தையல் சிறிது நகர்ந்ததே தவிர நேராகவில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை தாங்கள் என்னிடம் வந்தீர்கள். முந்தைய நாள் கோயில் ஆராதனையில் நடந்ததைச் சொன்னீர்கள். ஐயர் என்று தாங்கள் அழைக்கும் போதகர் ஒரு வரி வாசிக்க, சபையார் அடுத்த வரியை வாசிக்க, மறுபடி ஐயர், மறுபடி சபை என்று மாறி மாறிச் சொல்வது தங்கள் கோயில் வழக்கம். பிறந்தது முதல் கேட்ட வாசிப்புதான். அன்று தங்கள் மனம் பாதி வாசிப்பிலும் பாதி முறுக்கிய சட்டையிலும் இருந்ததாம். இரண்டு குரலும் எதிரெதிராக வந்து ஒன்றை ஒன்று தாங்கி நிற்பது போலத் தோன்றியதாம்.

“அண்ணாச்சி, நாம போடுற நூலு எல்லாமே ஒரே பக்கமா முறுக்கினதுதான? எல்லாம் ஒரே பக்கம் திரும்பப் பாக்குது, அதான் துணியும் திரும்புது. ஒரு நூலு கோனு வலமுறுக்கு, அடுத்த கோனு இடமுறுக்குன்னு மாத்தி மாத்தி ஏத்தினா, ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சு நேரா நிக்காதா?”

அம்மையீர், அது சரியான கேள்வி என்று கேட்ட நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது ஆண்டு இயந்திரத்தோடு கிடந்த எனக்குத் தோன்றாதது செக்கிங் மேசைக்குத் தோன்றிவிட்டதே என்பதுதான் என்னைச் சுட்டது.

“அம்மிணி, துணியப் பாக்கறது உங்க வேலைங்க. மிஷினு எங்க பாடுங்க” என்றேன்.

தாங்கள் கோபப்படவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் என்னை அழைத்து, “செஞ்சுதான் பாருங்களே மருதாசலம்” என்றார். ஒரு நூற்பாலையில் சொல்லி, இடமுறுக்கு நூல் தனியாக நூற்கப்பட்டு மூன்று நாளில் வந்து சேர்ந்தது.

இனி எழுதுவதை இதுவரை ஒருவரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நூல் சுற்றிய கோன்களை இயந்திரத்தில் நானே ஏற்றினேன். வேண்டுமென்றே வரிசையைக் கலைத்து ஏற்றினேன். மூன்று வலம், ஒன்று இடம், மறுபடி இரண்டு வலம், நான்கு இடம் என்று மனம் போனபடி போட்டேன். துணி வெளியே வந்தபோது அதில் மங்கலான பட்டைகள் தெரிந்தன. துவைத்தபோது முன்பு போலவே முறுக்கியது. முதலாளி அந்தச் சட்டையைத் தங்கள் மேசைமேல் போட்டார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

“போதுமுங்க. சாமிகிட்டக் கேட்டு மிஷினு ஓட்ட முடியாதுங்க. நாளையிலிருந்து நீங்க பழையபடி செக்கிங் மேசைக்கே போயிருங்க.”

தாங்கள் “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னீர்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அன்று நான் நன்றாகவே சாப்பிட்டேன். தோற்றது நானல்ல என்ற நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் தாங்கள் மற்றப் பெண்களோடு நின்று துணி பார்த்தீர்கள். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போனபின், அந்தத் தோற்ற சட்டையின் துணியில் மிச்சமிருந்ததை மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தீர்கள். பிரித்த நூலை இரு விரலிடையே உருட்டி அது எந்தப் பக்கம் அவிழ்கிறது என்று பார்த்தீர்கள். வெயிலும் பஞ்சும் கலந்த அந்த ஒளியில், தூக்கத்தில் ஏதோ கோலம் போடுகிறவர் போல விரல் மட்டும் அசைய அமர்ந்திருந்தீர்கள். மனமுடைந்து ஏதோ செய்கிறார் என்று எண்ணினோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் நிட்டிங் கூடத்துக்கு வந்தீர்கள். என் ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். தங்கள் உள்ளங்கையில் ஒரு காகிதம். அதில் பிரித்த நூல்களை வந்த வரிசைப்படியே ஒட்டியிருந்தீர்கள். வலம், வலம், வலம், இடம், வலம், வலம். என் கைவேலை முழுவதும் அதில் இருந்தது. அதை நான் பார்க்கும்வரை பிடித்திருந்துவிட்டு, மடித்துக் குப்பைக்கூடையில் போட்டீர்கள்.

“கோனு வரிசை மாறிப்போச்சு போல அண்ணாச்சி. இத்தன கோனு ஏத்தும்போது யாருக்கும் மாறத்தான் செய்யும். இன்னொரு தடவ ஏத்திப் பாப்போமா? நான் எடுத்துக் குடுக்கேன்.”

தங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததும் தங்களுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

தாங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள், நான் ஏற்றினேன். “வலம்” என்பீர்கள், கொடுப்பீர்கள். “இடம்” என்பீர்கள், கொடுப்பீர்கள். வட்ட இயந்திரத்தில் பாதி முடிந்தபோது நானும் தங்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கியிருந்தேன். தாங்கள் வலம் என்றால் நான் இடம் என்றேன். கூடத்தின் ஓசையெல்லாம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது போலிருந்தது. இயந்திரத்தை ஓட்டியதும் வெண்மையான துணிக்குழல் மெல்லச் சுழன்று இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் எவ்வளவு நேரம் நின்றோம் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

துவைத்தோம், காயவைத்தோம். பக்கத் தையல் நேராக நின்றது. அரை விரல் அகலமே நகர்ந்திருந்தது. அது பையர் ஒத்துக்கொண்ட அளவுக்குள் இருந்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்க, சாம்பிள் போயிற்று. ஆர்டர் நம்மிடமே தங்கியது. ஐம்பது பேரும் தங்கினார்கள்.

முதலாளி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “மொத தடவ ஏனுங்க வரல?”

நான் தரையைப் பார்த்தேன். தாங்கள் சொன்னீர்கள், “மொதல்ல எங்களுக்கு வரிசை பிடிபடல சார்.”

எங்களுக்கு என்றீர்கள். அந்த ஒரு சொல்லால் என் பிழையில் பாதியைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டீர்கள்.

மறுவருடம் கிறிஸ்துமஸ் அன்று தங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜெபக்குமார் அவர்கள் கேக் எடுத்துவர உள்ளே போனபோது கேட்டேன். “ஏனுங்க அம்மிணி, அன்னைக்கு முதலாளிகிட்ட என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாமுங்களே?”

தாங்கள் சொன்னீர்கள். “நான் ஆண்டவர்கிட்ட எத்தனையோ தடவ மன்னிப்பு வாங்கியிருக்கேன் அண்ணாச்சி. வாங்கினதுல கொஞ்சம் குடுத்தேன், அவ்வளவுதான். அதோட இன்னொண்ணு. தப்பு நடந்தா தொலைஞ்சோம்னு பயந்துக்கிட்டே இருக்கிற இடத்துல யாரும் புதுசா ஒண்ணயும் யோசிக்க மாட்டாங்க. உங்களக் காட்டிக் குடுத்திருந்தா அன்னைக்கு நான் ஜெயிச்சிருப்பேன். அடுத்த யோசனைய உங்ககிட்ட கொண்டுவர யாருக்குத் துணிச்சல் வரும்?”

புதுமை என்பது புத்திசாலிகள் சொத்து என்று எண்ணியிருந்தேன். அது மன்னிப்புக் கிடைக்கும் இடத்தில்தான் முளைக்கும் என்பதை எனக்குக் காட்டியது தங்கள் விசுவாசம்.

ஆர்டர் தங்கியபின் முதலாளி தர ஆய்வுப் பொறுப்பைத் தங்களிடமே திருப்பித் தந்தார். அப்போது தாங்கள் அவரிடம் வேண்டியது ஒன்றே. வியாழக்கிழமைதோறும் கால்மணி நேரம். இயந்திரங்கள் நிற்கும். யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கால்மணிக்குள் ‘முடியாது’ என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. குழந்தைச் சட்டையின் கழுத்து லேபிள் பிஞ்சுத் தோலை உறுத்துமே, அதைத் தைக்காமல் துணியிலேயே அச்சடித்தால் என்ன என்று நாகஜோதி கேட்டது அங்கேதான். துணி உருளைகளை உத்தரத்தில் தொங்கவிடலாம் என்று ஒருவர் சொல்லி, தொங்கவிட்ட மூன்று உருளைகளும் அறுந்து விழுந்து அனைவரும் சிரித்ததும் அங்கேதான். வென்ற யோசனைக்குப் பேர் எழுதி ஒட்டுவீர்கள். தோற்ற யோசனைக்குப் பேரே எழுதமாட்டீர்கள்.

கோவையிலிருந்து வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், வலமும் இடமும் மாற்றிப் போடும் முறை பாடப்புத்தகங்களிலேயே உள்ளது என்றார். நாங்கள் சோர்ந்துபோனோம். தாங்கள் சிரித்தீர்கள். “நல்லதா போச்சு. ஆண்டவர் எல்லாருக்கும் சொல்லியிருக்காரு, நமக்குக் கொஞ்சம் லேட்டா காதுல விழுந்திருக்கு.”

அம்மையீர், இம்மடலை நேற்று முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கும் இந்த உண்மை நேற்றுத்தான் தெரிந்தது. படித்து முடித்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார். வேலையை விட்டுப் போகச் சொன்னால் போய்விடலாம் என்றுதான் நின்றேன்.

“இதுல இருந்து ஒண்ணையும் எடுத்துற வேண்டாமுங்க மருதாசலம்” என்றார். “நான் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னதும் இதுல இருக்குதுங்களே. அதையும் அப்படியே வெச்சிருங்க. எல்லார் முன்னாலயும் படிங்க.”

படித்துவிட்டேன். சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் தங்கள் விருப்பம்.

இனி மீண்டும் நாங்கள். அம்மையீர், நாளை முதல் சங்கொலி தங்களை எழுப்பாத காலைகள் விடியட்டும். நோயற்ற உடலும் நொய்வற்ற உள்ளமும் வாய்க்கட்டும். தாங்கள் தொழும் ஆண்டவர் தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் நெடிய வயதும் நிறைந்த நலமும் தந்து, கண்மணியெனக் காக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
கிளுவங்காடு நிட்வேர்ஸ் பணியாளர்கள்
பெருமாநல்லூர், மார்ச்சு 2008

எழுதியவன், தங்களிடம் மன்னிப்புப் பெற்றவன்: மருதாசலம்

அவருக்குக் கீழே, தாமே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டவன்: மகுடேஸ்வரன்