லேமினேஷன் போட்ட இ.சி.ஜி.

"இந்தக் கறுப்பை மட்டும் எடுத்துட்டு, கோட்டை அப்படியே குடு தம்பி."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில், எனக்கு முன்னால் நின்ற அம்மா இப்படிக் கேட்டார். கையில் லேமினேஷன் போட்ட இ.சி.ஜி. தாள். முழுக்கக் கறுத்திருந்தது. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்கக்கா போட்டீங்க?"

"கச்சிராயபாளையத்துல. வேர்வையில நனைஞ்சிடும்னு நான்தான் போட்டேன். இன்னிக்குப் பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்."

"லேசர் பிரிண்டுன்னா சூடு தாங்கும். இது தர்மல் பேப்பர். மையே கெடையாது, சூட்டாலதான் இதுல கோடே வுழும். லேமினேஷன் சூட்டுல மொத்தமும் கறுத்துப்போச்சு."

"உள்ள கோடு இருக்குமில்ல?"

"இல்லக்கா. ஜெராக்ஸ் இருக்குதா? போன்ல போட்டோ எடுத்தீங்களா?"

"ஒண்ணும் இல்லப்பா."

வீட்டுக்காரர் சிரித்தார். "என் மனசு கறுப்புன்னு சொல்லிக்கினே இருப்பியே. இப்ப பேப்பர்லயே வந்துடுச்சு பாரு."

"வாயை மூடுங்க."

"ஆஸ்பத்திரியில வேற எடுப்பாங்கக்கா."

"இது முந்தாநாளு இவருக்கு நெஞ்சு வலிச்சப்ப எடுத்தது. வலி இல்லாதப்ப எடுத்தா டாக்டருக்கு இன்னா தெரியும்?"

வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்பவும் வலிக்குது. பஸ் ஏறுனதுலருந்து. நீ பயப்படுவேன்னு சொல்லல."

அந்த அம்மா தாளைக் கீழே போட்டார். வீட்டுக்காரரைக் கடைப் படியில் உட்கார வைத்துவிட்டு, ரோட்டில் வந்த ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றார்.