மாதம்மாள் தனியாக நின்ற கூட்டங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ரங்கசாமிக் கவுண்டர் அவர்களே, செயலாளர் பிலிப்ராஜ் அவர்களே, சேற்றில் நடந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, மாதம்மாளின் மகள் வசந்தியே, எல்லோருக்கும் வணக்கம். சங்கக் கிடங்கில் தராசு பிடிக்கும் அருணகிரி பேசுகிறேன்.

நம் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் மாதம்மாளைப் புகழ்ந்து பேசச் சொல்லி அழைத்தார்கள். புகழ்கிறேன். ஆனால் அந்தப் புகழுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள விடமாட்டேன்.

அவரை இயக்குநர் ஆக்கியது யார்? நாம்தான். எதற்காக? நிர்வாகக் குழுவில் ஒரு பெண் இருக்கட்டும் என்றார் கூட்டுறவுத் துறை அதிகாரி. பேசாத பெண்ணாகப் பார்த்துப் பெயர் கொடுத்தோம். அவர் பேசினார்.

நாம் என்ன செய்தோம்? ஊர்ப் பஞ்சாயத்தை அப்படியே சங்கத்துக்குள் தூக்கி வந்தோம். ஊர்க்கவுண்டர்தான் தலைவர். அவர் சொன்னதற்குத் தலையாட்ட வேண்டும். சபையில் நின்று அவரைக் கேள்வி கேட்டால், தேங்காயோடு போய்க் காலில் விழுந்து தெண்டம் கட்ட வேண்டும். கல்யாணத் தகராறைத் தீர்க்க அது உதவலாம். புளி விற்க உதவுமா?

நம் புளி ஆண்டுதோறும் கண்ணமங்கலத்துத் தரகர் ஒருவருக்கே போனது. தலைவருக்கு வேண்டியவர். ஒரு பொதுக்குழுவில் மாதம்மாள் எழுந்தார்.

"ஏங்க, நாலு யாவாரிய கூப்ட்டு ஏலம் வுட்டா இன்னாங்க?"

"இன்னாம்மே, எனுக்கே சொல்லித் தர்றியா? ஒக்காரு" என்றார் தலைவர்.

"ஒக்காந்துக்குனு கேட்டா பதில் சொல்வீங்களா?"

சிரித்தோம். மாதம்மாளுக்குத் தெண்டம் விதித்தபோது நாம் வாய் திறக்கவில்லை. தேங்காயை வைத்து, விழுந்து எழுந்தவர் சொன்னார்: "இது ஊருக்கு. நான் கேட்டது சங்கத்த. அது அப்டியே நிக்குது."

அடுத்த கூட்டத்திலும் கேட்டார். மறுபடி தெண்டம். "மாதம்மா வர்றா, தேங்கா வெல ஏறிடும்டா" என்று கேலி பேசினோம். பேசிய வாய்களில் என் வாயும் ஒன்று.

இந்த ஆண்டு அந்தத் தரகர் வரவில்லை. வேறிடத்தில் மலிவாகக் கிடைத்ததாம். வேறு வியாபாரியைப் பார்ப்போம் என்றார் மாதம்மாள். "அவரு வருவாரு, பொறு" என்றார் தலைவர். நாமும் பொறுத்தோம். மழை பிடித்தது. ஒழுகும் கிடங்கில் புளி கறுத்தது, நீர் விட்டது, புழுத்தது. நான்தான் மண்வெட்டியால் வாரி வெளியே கொட்டினேன்.

நஷ்டத்தை அடைக்கச் சங்கத்தின் லாரியை விற்கத் தீர்மானம் வந்தது. "லாரிய விக்காதீங்க. மழையில பஸ்ஸு மேல ஏறாது. அப்பறம் நோவு நொடின்னா இன்னா பண்ணுவீங்க?" என்று அன்றும் நின்றவர் அவர் ஒருவரே. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று படித்தார்கள். நாம் கைதட்டினோம்.

சங்கம் நொடித்ததற்கு மழையைத் திட்டுகிறோம், சந்தையைத் திட்டுகிறோம். புளிய மரங்கள் எப்போதும்போலத்தான் காய்த்தன. கேள்வி கேட்க ஒருத்தி, வாய்மூடி இருக்க ஊரே என்று ஆனால் எந்தச் சங்கம் பிழைக்கும்?

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. பஸ் இல்லை. லாரியைத்தான் விற்றுவிட்டோமே. போர்வையைக் கழியில் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்கழி என் தோளில். கால் வழுக்கியது. "எறக்கி வச்சிட்டு மூச்சு வாங்குங்கடா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார். அடிவாரம் சேருமுன் அவர் மூச்சு நின்றது.

காய்ச்சல் என்று வைத்தியர் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்ல முடியுமா? வசந்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சொல்வார்கள். மாதம்மாளின் பணி எது? எழுந்து நின்று கேட்பது. அதற்கு அடுத்த பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டுமா?

அடுத்தது மௌன அஞ்சலி என்று செயலாளர் சொன்னார். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த அம்மாளுக்கு நாம் தந்தது மௌனம்தான். இன்றைக்கும் அதையே தர வேண்டாம்.

எழுந்திருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களும் எழுந்திருங்கள்.

தலைவர் அவர்களே, வருகிற ஆண்டுப் புளியை ஏலத்தில் விடுவீர்களா, மாட்டீர்களா? பதில் வரும்வரை நாங்கள் உட்காரப் போவதில்லை.