நடு அடுக்கு மஞ்சள்

...பாக்கெட்! கடையில விக்கிற புட்டிங் பாக்கெட்! அதப் பிரிச்சுக் கொட்டிக் கலக்கிட்டு, சர்ச் விருந்துல தட்டுக்கு முன்னால ஒரு அட்டையில ‘அம்மாவின் கைப்பக்குவம்’னு எழுதி நிறுத்தி வச்சிருக்கா! எனக்குப் பத்திக்கிட்டு வருமா வராதா? நீயே சொல்லு... சிரிக்கிற. சிரி, சிரி. அந்தக் காதுல மாட்டியிருக்கறத மட்டும் கழட்டிரும்மா. பாதி பாட்டு, பாதி நானுன்னா ரெண்டும் உருப்படாது. ஆங், அப்படி.

யாரச் சொல்றேன்னா கேக்குற? என் தங்கச்சி கிளெண்டாவத்தான். கூடப் பொறந்தவ. மூணு வருஷமா பேச்சு வார்த்தையே இல்ல. இப்ப கிறிஸ்துமஸுக்கு இந்தக் கப்பலேறி அவ வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். கூப்பிட்டாளான்னா... கூப்பிடல. நானாவது சொன்னேனான்னா... சொல்லல. போன்ல சொன்னா வேணாம்னுருவா. நேர்ல போய் நின்னா, ஒண்ணு கதவத் திறப்பா, இல்ல மூஞ்சியில அறைஞ்சு சாத்துவா. நான் என்னமோ பெருந்தன்மையா அவள மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் போறேன். ஆமா, நான்தான் மன்னிக்கணும்! பின்ன?

இந்தா, மடியில இருக்கற டப்பாவத்தானே பாக்குற? ஒண்ணு எடுத்துக்கோ. இல்ல இல்ல, அந்த ஓரத்துத் துண்டு வேணாம், நடுவுல இருக்கறத எடு. ஓரம் கிளெண்டாவுக்கு. சின்ன வயசுலருந்தே அவளுக்கு ஓரந்தான் பிடிக்கும், கழுத.

எப்படி இருக்கு?... சொல்லிட்டு முழுங்கேன்! நீ நனைமோ காலேஜுல படிக்கிறவளா? ஊரு? வின்னிபெக்கா! அப்ப உனக்கு என்ன தெரியும் பாவம். எங்க ஊர் பேரையே இந்தப் பலகாரத்துக்கு வச்சிருக்கு, தெரியுமில்ல? ‘நனைமோ பார்’னுதான் சொல்லுவாங்க. இப்ப கனடா முழுக்கக் கண்டவனும் செய்யறான். ஒருத்தன் வேர்க்கடல வெண்ணெய் போடறான், ஒருத்தி புதினா விட்டுப் பச்சையா செய்யறா, பாசி பிடிச்ச கூரையாட்டம். இன்னொருத்தன் மாவுல முக்கி எண்ணெயில பொரிக்கிறானாம்! பொரி அப்பா, பொரி. நாளைக்கு ஊறுகா போடு.

அடுப்புக்குள்ள வைக்கிற வேலையே கிடையாது இதுல. அதனால சுலபம்னு நெனச்சுராத. அடியில கருப்பு அடுக்கு. வெண்ணெய், சர்க்கரை, கோகோ மூணையும் வெந்நீர் மேல வச்சு உருக்கி, முட்டைய அடிச்சு ஊத்தி, கை நிக்காமக் கிண்டணும். நின்னுச்சு, முட்டைப் பொரியல்தான். பிஸ்கட் தூள், தேங்காத் துருவல், அக்ரூட்டு எல்லாம் போட்டுத் தட்டுல அமுக்கணும். மேல இருக்கறது சாக்லேட். அத ஆற விட்டுத்தான் ஊத்தணும். சுடச்சுட ஊத்தினா கீழ இருக்கற மஞ்சள் உருகி மேல மிதக்கும். முழுசா இறுகறதுக்கு முன்னாடியே கத்தியால கோடு போட்டுரணும், இல்லன்னா வெட்டும்போது ஜன்னல் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

ஆனா இதெல்லாம் சும்மா. உயிரு எங்க இருக்குன்னா, நடு அடுக்குல. அந்த மஞ்சள்ல. வெண்ணெயும் பொடிச்ச சர்க்கரையும் கொஞ்சம் க்ரீமும் எவ வேணா அடிப்பா. அதுல ரெண்டு ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர் விழணும். ரெண்டே ஸ்பூன். அது இல்லன்னா...

எங்க எந்திரிக்கிற? என்ன சொன்னான் மைக்குல? இடது பக்கம் திமிங்கிலமா? அட உக்காரும்மா. கடல்ல திமிங்கிலம் இல்லாம ஒட்டகமா இருக்கும்? பாரு, எல்லாரும் அந்தப் பக்கமா ஓடறாங்க, கப்பலே சாயப் போவுது. உக்காரு, உக்காரு. இன்னொரு துண்டு எடுத்துக்கோ.

எங்க விட்டேன்... ஆங், சர்ச் ஹாலு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழம அங்க டீ விருந்து. வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம். கிளெண்டா தட்டுல கைய வச்சேன். வாயில போட்டேன். நடு அடுக்குல கஸ்டர்டே இல்ல, வழவழன்னு ஒரு வெண்ணிலா புட்டிங்! எனக்குத் தெரியாதா அம்மா ருசி? நின்ன இடத்துலயே கத்திட்டேன். “இது எங்கம்மா கைப்பக்குவம் இல்ல, பாக்கெட்டுக்காரன் கைப்பக்குவம்!”னு. பியானோ வாசிச்சுக்கிட்டிருந்த மிஸஸ் ஓக்டன் கைய எடுத்துட்டா. அப்பறம் எவளோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. அதோட ஹால் முழுக்கச் சிரிப்பு.

கிளெண்டா தட்ட எடுத்தா, கோட்டப் போட்டா, போயிட்டா. பிப்ரவரியில வீட்ட வித்துட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் பர்னபிக்கு மக வீட்டோட போய்ச் சேந்துட்டா. ஒரு பலகாரத்துக்காக ஊர விட்டுப் போறதா? ரோஷம்! எங்கப்பா ரோஷம் அப்படியே...

ஐயய்யோ! பிடி, பிடி! உருளுது பாரு! அந்த ஆளு காலுக்கடியில ஒண்ணு... சார், மிதிச்சுராதீங்க! ஏம்மா, அங்க ஒண்ணு, கதவுகிட்ட ரெண்டு! அலையில பை சாஞ்சுருச்சு. சொன்னேன் பாத்தியா, எல்லாரும் ஒரே பக்கம் ஓடக்கூடாதுன்னு... குடு, குடு. எத்தன? பதினொண்ணு, பன்னெண்டு... அந்த பெஞ்சுக்கடியில பாரு. பதிமூணு. சரியா இருக்கு. புண்ணியவதி.

...என்னது அப்படிப் பாக்குற? கஸ்டர்ட் பவுடர் டப்பாதான். ஆமா, பதிமூணும். அடியில தேதியெல்லாம் பாக்காத, முடிஞ்சு போச்சு.

சரி. சொல்லிடறேன். நீ யாரோ, நான் யாரோ. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில, ஹாலோவீனுக்கு வச்ச பூசணிக்கா வாசல்ல அழுகறதுக்கு முன்னாடியே, நான் காரெடுத்துக்கிட்டு ஊர்ல ஒரு கடை விடாம ஏறி எறங்கி, இருந்ததெல்லாத்தையும் வாங்கிட்டேன். பதினாலு டப்பா. ஒரு டப்பாவே எனக்கு மூணு வருஷம் வரும். எதுக்கு வாங்கினேன்? அதுக்கு முந்தின வருஷ விருந்துல அவ தட்டு துடைச்ச மாதிரி காலி. என் தட்டுல பத்தொம்பது துண்டு மிச்சம். பத்தொம்பது! ஒரே அம்மா, ஒரே பக்குவம், ஒரே ஸ்பூனு. அவ செஞ்சா மட்டும் ஏன் இனிக்குது?

இதோட போச்சான்னா, இல்ல. விருந்துக்கு முந்தின நாளு கிளெண்டா போன் பண்ணா. “மார்லீன், ஊர்லயே கஸ்டர்ட் பவுடர் இல்லடி. ரெண்டு ஸ்பூன் இருந்தா குடேன், நானே வந்து வாங்கிக்கறேன்”ன்னா. அலமாரி திறந்து கெடக்கு. எல்லா டப்பாவும் வரிசையா நின்னு என்னப் பாக்குது. நான், “எங்கிட்டயும் தீந்துருச்சு கிளெண்டா”ன்னேன். அவ, “ஐயோ, பாவம், உனக்கும் இல்லையா”ன்னா. எனக்காகப் பாவப்பட்டா, கேட்டியா... நான் போன வச்சுட்டேன்.

அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

...திட்டவாவது செய்யேன். மூணு கிறிஸ்துமஸா நான் தனியா உக்காந்து, ஒத்த ஆளுக்கு வான்கோழி எதுக்குன்னு ஒரு சூப்ப சுட வச்சுக் குடிச்சுக்கிட்டு...

கர கரன்னு சத்தம் கேக்குதே. கரை வந்துருச்சா? அதுக்குள்ளயா! கார் இல்லாம நடந்து எறங்கறவங்க கீழ வரணுமாம். நீ போம்மா. நான்... நான் ஒண்ணு யோசிக்கறேன். பலகார டப்பாவ மட்டும் எடுத்துக்கிட்டுப் போறேன். பை இந்த பெஞ்சுக்கடியிலயே கெடக்கட்டும். யாரோ மறந்து விட்டுட்டாங்கன்னு கப்பல்காரங்க எடுத்து வச்சுப்பாங்க. நான் போய், “பழச மறந்துருவோம் கிளெண்டா”ன்னு சொன்னாப் பத்தாதா? அவளும் அழுவா, நானும் அழுவேன், விஷயம் முடிஞ்சுது. பதிமூணு டப்பாவக் கொண்டு போய்க் கடை பரப்பித்தான் ஆகணுமா? தெரியாத வரைக்கும் அவளுக்கும் நிம்மதி, எனக்கும்...

ஏய், அத எதுக்குத் தூக்கற? வையி. வையிங்கறேன். கனமா இருக்கும்மா, உனக்கு எதுக்கு... பொண்ணே! பைய வச்சுட்டுப் போ! ஐயா, கொஞ்சம் வழி விடுங்க... அந்தப் பச்சத் தொப்பிக்காரிய நிறுத்துங்க யாராவது! இல்லல்ல, திருடி இல்ல, திருடின்னு யாரு சொன்னா... படியில மெதுவா எறங்குடி, அறிவு கெட்டவளே, பையோட கைப்பிடி அந்துரும்!

நில்லு... மூச்சு வாங்குது. நில்லு. சிரிக்கிறியா... குடு இங்க. குடு, நானே தூக்கறேன்.

பஸ்ஸு எந்தப் பக்கம்?... கேளு, ரெண்டு டப்பா நீ வச்சுக்கோயேன். ஒருத்திகிட்ட மன்னிப்பு கேக்கறதுக்குப் பதினொண்ணு பத்தாதா?