வடக்குக் கரைக் குஞ்சுகள்

குஞ்சை எடை போடுவதற்குப் பழைய காலுறையைப் போல வசதியானது வேறில்லை. தலை உள்ளே போனதும் இருட்டாகிவிடும், குஞ்சு அடங்கிவிடும். அப்படியே கைத்தராசின் கொக்கியில் மாட்டலாம். முட்டையிலிருந்து வந்த அன்று உப்புக்கொத்திப் பறவையின் குஞ்சு ஆறு கிராம் இருக்கும். காலுறை அதைவிடக் கனம். பறவை நிலையத்தில் நான் பதினேழு வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன். எல்லோரும் என்னைத் தராசு என்றே கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்பது என் தங்கையைப் பற்றி என்று தெரிகிறது. ஆனால் குஞ்சுகளை விட்டுவிட்டுச் சொன்னால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்ததாக உங்களுக்குத் தோன்றும். ஆத்திரப்படுகிற ஆள் இல்லை நான்.

உப்புக்கொத்தி கடலோர மணலில் சின்னக் குழி பறித்து மூன்று முட்டை இடும். குஞ்சு வெளியே வந்து ஈரம் காய்ந்ததும் நடக்கத் தொடங்கிவிடும். தாய் ஊட்டுவதில்லை, தானே பூச்சி பொறுக்கித் தின்னும். ஆனால் முதல் பத்து நாள் அதற்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. கொஞ்ச நேரம் மேயும், நடுங்கத் தொடங்கியதும் ஓடி வந்து தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொள்ளும். இப்படி ஒரு மாதத்தை ஓட்டிவிட்டால் பறந்துவிடும். பத்தில் மூன்று பறந்தால் நாங்கள் அதை நல்ல வருடம் என்போம்.

பக்கத்தில் ஆள் நின்றால் தாய் வராது. இது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் வடக்குக் கரையில் மூன்று குஞ்சுகளை எடை போட்டேன். பசி. அங்கேயே ஒரு கட்டைமேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். காற்றும் தூறலுமாக இருந்தது. தாய்ப் பறவை சிறகு ஒடிந்தது போல நடித்துக்கொண்டு என் முன்னால் நொண்டி நொண்டி ஓடியது. நான் நிதானமாகச் சாப்பிடுகிறவன். முடித்து எழுந்தபோது இரண்டு குஞ்சுகள் விட்ட இடத்திலேயே விறைத்துக் கிடந்தன. நோட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் என் மதியச் சாப்பாட்டை எழுத முடியாது. நாய் என்று எழுதினேன்.

நாய் இருந்தது உண்மை. அந்தக் கரையில் தகரக் கொட்டகை போட்டு ஒரு வலைக்காரர் மனைவியோடு இருந்தார், இரண்டு நாய்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தராசு, இன்னைக்கு எத்தனை கிராம்? கறிக்குத் தேறுமா?" என்பார். மனைவி சிரிப்பாள். தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. நான் எடையை நோட்டில் எழுதிக்கொண்டு நடப்பேன்.

அந்த வருட அறிக்கையில் நாய் என்ற சொல்லின் கீழ் இயக்குநர் கோடு போட்டிருந்தார். இப்படியே போனால் கரையை மூடச் சொல்லிக் கேட்கலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாலைந்து குஞ்சுகள் போனாலும் கரை முழுவதும் பறவைகளுக்குக் கிடைக்குமே. அடுத்த வருடம் எடை போட்ட பிறகு, காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, பக்கத்திலேயே நின்றேன். அவ்வளவுதான். எந்தக் குஞ்சையும் நசுக்கவில்லை, எறியவில்லை. நின்றேன். பதினோரு குடும்பத்துக் குஞ்சுகள் போயின.

அதற்கடுத்த வருடம் கரையை மூடினார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள். நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊசி போட்டார்கள். வலைக்காரர் என்னைத் தேடி நிலையத்துக்கு வந்தார். "ஒண்ணு கிழடு, தராசு. எந்திரிச்சு நிக்கவே நாலு தடவை பாக்கும். அதுவா குஞ்சு பிடிச்சுச்சு?" என்றார். "நான் பாத்ததத்தான் எழுதினேன்" என்றேன். அன்று அவர் கறியைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலி போட்ட பிறகும் நான் நின்றேன். அதற்குத்தான் உங்களுக்குச் சரியான காரணம் சொல்ல வரவில்லை. பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு நடுங்கிக்கொண்டு ஒன்று தாயைத் தேடும்போது அது போகலாமா கூடாதா என்பது நம் கால் நகர்வதில் இருக்கிறது. அந்த நேரத்தில் மனம் மிகவும் அமைதியாக இருக்கும்.

என் தங்கை என்னைவிடப் பதினாலு வயது சின்னவள். அவளுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். தலை பின்னிவிட்டதும் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்ததும் நான்தான். நன்றாகப் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அதே நிலையத்துக்கு ஆராய்ச்சியாளராக வந்தாள், எனக்கு மேலதிகாரியாக. வீட்டில் அவளை நீ என்பேன், ஆபீஸில் நீங்க. என் நோட்டைச் சிவப்புப் பேனாவோடு படிப்பாள். நான் திருத்தி எழுதிக் கொடுப்பேன்.

போன வியாழக்கிழமை எடை போடும் அறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"அண்ணா, நாய் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் யாரு கொல்றா?"

"நரியா இருக்கும்."

"நரி வந்தா தடம் இருக்கும். தெக்குக் கரைல நான் எடை போடுறேன், பத்துல நாலு தப்பிக்குது. வடக்குல நீ போடுற, ஒண்ணும் மிஞ்சல. எடைகூட ஏறல. அஞ்சாம் நாளும் அதே ஆறு கிராம். தின்னுச்சா, குளிர்ல நடுங்கிட்டே இருந்துச்சா?"

பிறகு கணினியைத் திருப்பி வைத்தாள். கரை ஒதுங்கிய மரத்துண்டு ஒன்றுக்குள் கேமரா வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. படத்தில் நான் பையில் கை விட்டுக்கொண்டு நிற்கிறேன். தாய் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒன்றரை மணி நேரம். என் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஏன்ணா?" என்று அழுதாள். டீ ஆறுகிறது, குடி என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே போய் இயக்குநர்கிட்ட சொல்லிடு. திங்கக்கிழமை வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அந்த வலைக்காரர் வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லணும்" என்றாள்.

இயக்குநரிடம் சொல்லியிருப்பேன். அந்த வலைக்காரர் வாசலில் போய் நிற்கச் சொன்னாள் பாருங்கள், அது அதிகம்.

சனிக்கிழமை காலை மணல்திட்டில் கணக்கெடுப்பு இருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம். கடல் வற்றும்போது கணுக்காலளவு தண்ணீர், ஏறும்போது ஆளை மூழ்கடிக்கும், கடைசியில் திட்டே தண்ணீருக்குள் போய்விடும். ஒருவர் திட்டுக்குப் போனால் ஒருவர் கரையில் நேரம் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நனைந்துவிடும் என்று அவள் செல்போனை ஜீப்பிலேயே வைத்துவிட்டாள், எங்கள் இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி. அவள் குனிந்து தடம் தேடத் தொடங்கிவிட்டால் உலகம் மறந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேரம் பார்க்கிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். கோபத்திலும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை.

பதினொரு மணிக்குக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை.

நிலையத்துப் படகுக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். பதினொன்றே முக்காலுக்கு எனக்குப் போன் செய்தார். "தண்ணி ஏறுதே, அம்மா கரைக்கு வந்துட்டாங்களா? படகு எடுக்கட்டுமா?" என்றார். "வந்துட்டா, ஜீப்ல இருக்கா" என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் அதற்கு முன்பே வாக்கி டாக்கியில் பேசத் தொடங்கியிருந்தாள். "அண்ணா, பள்ளத்துல இறங்க முடியல. இழுக்குது. படகு அனுப்பச் சொல்லு." கொஞ்சம் கழித்து, "அண்ணா, கேக்குதா?" நான் அவளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். கையை ஆட்டினாள். நடுவில் முந்நூறடி தண்ணீர். பிறகு கை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். புத்திசாலி, சட்டென்று புரிந்துகொள்வாள். "நான் யாருகிட்டயும் சொல்லலண்ணா. சொல்லவும் மாட்டேன். படகு மட்டும் அனுப்பு" என்றாள்.

அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வாக்குத் தவறாத பிள்ளை. ஆனால் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே, இரண்டு நாள் குஞ்சுகள் மூன்று பதுங்கியிருந்தன. அவை மிரளக் கூடாதே என்று வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.