நாடகக் கொட்டகை எரிந்த வரலாறு

வரலாற்றுக் கட்டுரையில் கஷ்டமானது முடிவுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. தொடக்கத்தை எவனும் எழுதிவிடுவான். நிஜத்தில் எந்தக் கட்டடமும் ஒழுங்காக முடிவதில்லை. வாடகைக்குப் போய்விடுகிறது.

பழைய நாடகக் கொட்டகையைப் பற்றி எழுதியபோது எனக்கு அந்தச் சிக்கல்தான் வந்தது. கூட்டம், கைதட்டல், நடிகையின் காதல் எல்லாம் கச்சிதமாக அமைந்துவிட்டன. கடைசி வரிகள் மட்டும் சப்பென்று இருந்தன. ஐம்பது வருடத்துக்கு முன்பு தீப்பிடித்துச் சாம்பலானது என்று முடித்தேன். ஞாயிறு மலரில் வந்தது. என்னை ஒரு மனிதனாகவே மதிக்காத மைத்துனர்கூட போன் செய்து, "மாப்ளே, கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

மறுநாள் உடம்பெல்லாம் பஞ்சாக ஒரு மெத்தைக்காரர் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். "சார், கொட்டகை எரிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. நான் அதுக்குள்ள உக்காந்துதானே மெத்தை தைக்கிறேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "வர்ற ஞாயிறு மன்னிப்புக் கேட்டு நாலு வரி போட்டுடுங்க. அதோட உங்க தொடரையும் நிறுத்திக்கலாம்." தொடர் போனால் நான் யார்? மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கும் வெறும் மாப்பிள்ளை. மறைப்பானேன், கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். கட்டுரையும் கொட்டகையும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். கட்டுரை ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். மெத்தைக்காரரும் கூட வேலை பார்க்கும் அவர் மருமகனும் இருந்தார்கள். "டீ சாப்பிடலாம், நீங்க முன்னாடி கடைக்குப் போங்க, நான் ஒரு சுத்து பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். பஞ்சு வஞ்சனையில்லாமல் பற்றிக்கொண்டது. இப்போது கட்டுரையில் வருடம் ஒன்றுதான் பிழை. அதை அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம்.

அவர்கள் டீக்கு வர மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் கெஞ்சியாவது வெளியே அனுப்பியிருப்பேன். உயிர்ச்சேதம் இல்லை என்றுதானே கட்டுரையில் இருக்கிறது? முதலில் இருவர் கருகி மாண்டதாகத்தான் எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் படித்த என் மனைவி, "எதுக்குங்க, பாவம் ரெண்டு உசுரு? எடுத்துடுங்க" என்றாள். கட்டுரைக்கு அது நஷ்டம்தான். இருந்தாலும் பெண்டாட்டி சொல்லைத் தட்டாமல் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மெத்தைக்காரரும் மருமகனும் நன்றி சொல்ல வேண்டியது அவளுக்குத்தான்.