சம்பந்தி கோட்டை வாசல்ல நிக்கிற குதிரை

...அதத்தேன் ஆத்தா நானும் கேக்குறேன், ஒரு மனுசன் தன் முறைய ஆட எம்புட்டு நாள் எடுப்பாரு? ஆனியில குடுத்துவிட்ட பொட்டி இது. ஆடி முழுசும் போச்சு, ஆவணியும் பாதி போச்சு. நேத்துச் சாயங்காலம் தங்கபாண்டி ஜீப்புல சாக்கச் சுத்தி வந்து எறங்குது. பிரிச்சு அமுக்குறேன், வெளிச்சமே வரல. செத்த பொட்டியக் குடுத்துவிட்டிருக்காரு எங்க சம்பந்தி. நீ பாரு, பாரு. கழட்டணும்னாலும் கழட்டு. ஒம் பேரு சுஜிதாதான? போர்டுல போட்டிருக்கு. போடியில லேப்டாப்பு பாக்க ஒன்ன விட்டா ஆளில்லன்னாக, அதேன் ராசிங்காபுரத்துலருந்து பஸ்சேறி வந்தேன்.

எம் பேரு காசிமாயன். தக்காளி போடுறவன். சம்பந்தி வெள்ளைத்துரை, மேல போடிமெட்டுக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துல இருக்காரு. எம் மக முத்துப்பிரியாவ அவரு மகனுக்குத்தேன் குடுத்திருக்கு.

என்ன? பொட்டிக்குள்ள முக்கியமானது எதுவும் இருக்கான்னா கேக்குற? இருக்கு ஆத்தா. ரெண்டு கோட்டை இருக்கு.

சிரிக்காத. வெளையாட்டுத்தேன். மருமகன் காலேசு படிக்கயில போட்டு வச்ச பழைய வெளையாட்டு. இப்ப பயலுக வெளையாடுறாகளே, டப்பு டப்புன்னு சுட்டுக்கிட்டு, மூச்சுவிட நேரமில்லாம, அது மாதிரி இல்ல. இது ராசா வெளையாட்டு. எனக்கு நீலக்கொடி, சம்பந்திக்குச் செவப்புக்கொடி. ஆளுக்கொரு கோட்டை. உள்ள வில்லுக்காரன், ராட்சசன், எலும்புக்கூட்டுப் பட்டாளம், றெக்க வச்ச பாம்பு ஒண்ணு, அது வாயத் தொறந்தா நெருப்பு. குதிரையில ஒரு தளபதி இருப்பான். ஒரு முறைக்கு இம்புட்டுக் கட்டந்தேன் போகலாம்னு கணக்கு. நான் ஆடி முடிச்சா அவரு ஆடணும். அவரு ஆடுற வரைக்கும் எங் குதிரை நின்ன எடத்துல நிக்க வேண்டியதுதேன். புல்லுகூடத் திங்காது.

எப்படி ஆடுறோம்னா, நான் கீழ இருந்து ஒரு முறை ஆடி, பொட்டிய மூடி, வெள்ளன ஏலப்பழம் பறிக்க ஆளேத்திக்கிட்டுப் போற தங்கபாண்டி ஜீப்புல குடுத்துவிடுவேன். அவரு மேல ஆடி, சாயங்காலம் எறங்குற ஜீப்புல குடுத்துவிடுவாரு. இன்டர்நெட்டு அது இதுன்னு எதுவும் வேண்டாம். தங்கபாண்டிதேன் எங்களுக்கு இன்டர்நெட்டு. கொண்டை ஊசி வளைவுல எல்லாம் பொட்டிய மடியில வச்சுக்கிட்டு வருவாக பறிக்கிற பொம்பளைக. அதுல செல்லக்கிளின்னு ஒருத்தி, மூடியத் தெறந்து பாத்துட்டு, எங்கிட்டயே வந்து, ‘அண்ணே, ஒங்க ராட்சசன் பசியோட இருக்கான்’ங்குறா.

ஆரம்பத்துல நல்லாத்தேன் போச்சு ஆத்தா. சம்பந்தின்னா என்ன, வாங்க, இருங்க, சாப்பிடுங்க, கும்புட்ட கைய எறக்க முடியாது. கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாளா நானும் அவரும் பேசினது ஒரே பேச்சு. ‘மேல மழையா சம்பந்தி?’ ‘ஆமா சம்பந்தி, கீழ?’ அம்புட்டுத்தேன். இந்தப் பொட்டி வந்தப்பறந்தேன் ஒரு ஒட்டுதல். வாயால ஏச முடியாதத எலும்புக்கூட்ட அனுப்பி ஏசிக்கலாம் பாரு. வெளையாட்டுல அவரு என் மரம் அறுக்குற மில்லப் புடிச்சாருன்னா மறுநாளே ஒரு பலாப்பழம் வரும். நான் அவரு தங்கச் சுரங்கத்தப் புடிச்சேன்னா ஒரு கூடை தக்காளி போகும்.

ஆனா அவருக்கு ஆடத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. வாரம் பொறந்தா கோட்டையில ஆளு வெளையும். வெளைஞ்சத எல்லாம் அள்ளிப் படையில சேத்துக்கிறணும். இவரு ஏலக்காய்க்காரரு. பழுத்தத மட்டும் கிள்ளிட்டுப் பிஞ்ச விட்டுட்டு வர்ற கை. வில்லுக்காரன் எட்டுப் பேரு வெளைஞ்சா நாலு பேரத்தேன் எடுப்பாரு. மிச்சம் ஏன் சம்பந்தின்னா, ‘முத்தட்டும் சம்பந்தி, அடுத்த சுத்துல பறிச்சுக்கிருவோம்’ங்குறாரு. வில்லுக்காரன் முத்துவானா ஆத்தா? நீ படிச்ச பிள்ள, சொல்லு. நான் தக்காளிக்காரன். ஒரு நாள் விட்டா அழுகிப்போகும். கூடையோட அள்ளிருவேன். அதேன் எங் குதிரை அவரு கோட்டை வாசல்ல போயி நிக்கிது.

எங்கிட்ட வித்தை இருக்கு ஆத்தா, சும்மா இல்ல. மலையடியில தேவாரம் ஊருல நமக்குக் கொஞ்சம் வாழை இருக்கு. ஒரு நாள் மோட்டார் ரூம்பு வாசல்ல ஒக்காந்து ஆடிக்கிட்டிருக்கேன், பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. யானை. மலையில இருந்து எறங்கி, வாழைய விட்டுட்டு, எந் தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது. நான் திரும்பல. ஆடுறது என் முறை, பாதியில விட முடியுமா? அது பையத் தும்பிக்கைய நீட்டி இடது பக்கத்துப் பாதையக் காட்டுச்சு. நான் ஏங் கேக்குறேன், வலது பக்கம் விட்டேன். அன்னைக்கு எனக்கு ராட்சசன் பூராவும் போச்சு. அதுக்கப்பறம் அந்த யானை நம்ம பக்கமே வர்றதில்ல. சொல்பேச்சுக் கேக்காதவன் தோட்டத்துல வாயி வைக்கக் கூடாதுன்னு போயிருச்சு. தேவாரத்துல யார வேணும்னாலும் கேளு. பாத்தவுக யாரும் இல்ல, ஆனா கேளு.

என்னத்தச் சொல்ல வந்தேன்? ஆ, சம்பந்தி.

ஆனியில குடுத்துவிட்டேனா. மறுநாள் பொட்டி வரல. சரி, மழை. அடுத்த வாரம் வரல. சரி, மேல கரண்டு இல்ல. ஆடி பொறந்தும் வரல. போன் போட்டுக் கேக்க முடியாது. வெளையாட்டப் பத்திப் போன்ல பேசக்கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. ரெண்டு பேரு வீட்டுக்காரிகளும் பக்கத்துல இருப்பாக, மானம் போயிரும் பாரு. தங்கபாண்டியப் புடிச்சு விசாரிச்சேன். அவன் சொல்றான், ‘அவரு ஒண்ணும் கோவமா இல்லண்ணே. சம்பந்தி அவசரப்பட வேண்டாம், நிதானமா யோசிச்சு ஆடட்டும்னு சொல்லச் சொன்னாரு’ன்னு. பாத்தியா எகத்தாளத்த? பொட்டி அவரு மடியில. ஆட வேண்டியது அவரு. நான் நிதானமா யோசிக்கணுமாம்ல.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். முந்தாநாளு மகளுக்குப் போன் போட்டேன். நாளைக்கு மேல மாரியம்மன் கோயில்ல பேத்திக்குக் காதுகுத்து. ‘ஒம் மாமனாரு தன் முறைய ஆடிப் பொட்டிய எறக்குனாத்தேன் நான் மலையேறுவேன், இல்லாட்டி எம் பேத்தி காத நீங்களே குத்திக்கங்க’ன்னுட்டேன். அவ படக்குன்னு வச்சுட்டா. பத்து வாட்டி கூப்புட்டிருப்பேன், எடுக்கல. அதுக்கப்பறந்தேன் நேத்துப் பொட்டி எறங்குச்சு, அதுவும் செத்து. வீட்டுக்காரி இன்னைக்கு விடியமுன்ன சீர்த்தட்டு, வாழத்தார், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டா. ‘நீங்க ஒங்க கோட்டையக் காத்துக்கிட்டுக் கெடங்க’ன்னு சொல்லிட்டு. மகனையும் கூட்டிட்டுப் போயிட்டா, தாய்மாமன் மடியிலதான ஒக்காத்தி வைக்கணும். நான் ஒருத்தன் தனியா. பேத்தி ‘தாத்தா எங்க’ன்னு கேப்பா. கேக்க மாட்டா? பேச்சு வந்துருச்சு அவளுக்கு. ‘தாத்தா’ங்குறது மட்டும் இன்னும் வரல, ஆனா மூஞ்சியால கேப்பா.

போகலாம்னுதேன் இருக்கு. ஆனா எப்படிப் போறது? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல. அவரு ஆடியிருந்தா, அதக் காரணமாச் சொல்லிக்கிட்டு ஏறிருவேன். அதுக்குத்தேன் ஓட்டமா ஓடி வந்திருக்கேன். வெரசாப் பாரு. மத்தியானம் மூணார் பஸ்சு இருக்கு.

என்னா, சார்சு ஒயரா? எலி கடிச்சிருக்கா? பொட்டி சாகலையா? அப்பச் சரி, ஒன்னோட ஒயரக் குத்து... வந்துருச்சு, வந்துருச்சு. அந்தக் கோட்டைப் படத்த ரெண்டு வாட்டி தட்டு. கடைசியாச் சேத்து வச்ச ஆட்டத்த எடு. ம். பொறு, கண்ணாடியப் போட்டுக்கிர்றேன்.

இந்தா பாரு, அதேன் எங் குதிரை. கம்பீரமா நிக்கிதுல்ல? அவரு என்ன பண்ணியிருக்காருன்னு பாப்போம்... ஒண்ணும் பண்ணலையே. எல்லாம் வச்சது வச்ச மாதிரியே இருக்கு. வில்லுக்காரனக்கூட எடுக்கல. மேல என்ன கொடி போட்டிருக்கு? நீலமா? நீலம் நான்ல. அது ஏன் நீலம் காட்டுது?

யாரு முறைன்னு போட்டிருக்கு?

...

என் முறையா? இல்ல ஆத்தா, தப்பாப் படிக்கிற. இங்கிட்டுத் திருப்பு.

...

ஓரத்துல மணல் கடிகாரம் மாதிரி ஒரு படம் இருக்கா? ஆடி முடிச்சவுக அத அமுக்கணும். அமுக்குனாத்தேன் முறை மாறும். அன்னைக்குத் தங்கபாண்டி வாசல்ல நின்னு ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். குதிரைய நிப்பாட்டுனேன், பேரு போட்டுச் சேத்து வச்சேன், மூடுனேன், குடுத்தேன்... அமுக்குனேனா?

ஆமா, ஆமா, நீ சொல்றதும் சரித்தேன். அவரே அமுக்கியிருக்கலாம். நானா இருந்தா அமுக்கியிருப்பேன். அமுக்குறதுக்கு முன்னாடி அவரு குதிரையக் கொண்டுபோயிக் கடல்ல எறக்கியிருப்பேன். அவரு அப்படி இல்ல ஆத்தா. மேல கங்காணியா இருந்தவரு. ஒருத்திக்கு விட்ட வரிசையில அவ பறிச்சு முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் இன்னொருத்தியக் கைய வைக்க விடமாட்டாரு. மழையில நனைஞ்சுக்கிட்டுக் காத்துக் கெடப்பாரு. இந்தப் பொட்டியையும் தெறந்து பாத்திருக்காரு, சம்பந்தி வரிசை இன்னும் முடியலன்னு மூடி வச்சிருக்காரு. தன் வாசல்ல எதிரி குதிரை நிக்கிறதப் பாத்துக்கிட்டே. நிதானமா ஆடட்டும்னு சொல்லியும் விட்டிருக்காரு. நான் அந்த மனுசன... சரி விடு.

இதுக்கு என்ன சொல்லிக்கிட்டு மலையேறுறது? எலி மேல போட்டுரலாமா? எலி ஒயரத்தான கடிச்சுச்சு, மணல் கடிகாரத்தையா கடிச்சுச்சுன்னு மக கேப்பா. விவரமானவ. பேசாம, பொட்டியத் தூக்கிட்டுப் போயி அவரு பக்கத்துல ஒக்காந்து, ‘இந்தாங்க சம்பந்தி, ஒங்க முறை’ன்னு மட்டும் சொல்லிரவா? வேற ஒண்ணும் சொல்லாம? அவரும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. மேல மழையான்னு வேணும்னா நான் கேட்டுக்கிர்றேன்.

சரி, மணல் கடிகாரத்த நீயே அமுக்கு. இரு இரு, அமுக்காத. குதிரைக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி காட்டுதா? நெசமாவா? அப்ப ஒரு எட்டு வச்சா கோட்டை என்னுது. தெறந்த வீடு மாதிரி கெடக்கு ஆத்தா. ரெண்டு மாசமாத் தெறந்து போட்டுட்டு ஒக்காந்திருக்காரு...

ஏன் அப்படிப் பாக்குற? நான் ஒண்ணும் சொல்லலையே.

சரி. பின்னாடி நகத்து. வாசல விட்டு. ஒரு கட்டம். ம், அம்புட்டுத்தேன், நிப்பாட்டு. இப்ப அமுக்கு. ரெண்டு கட்டம் முடியுமான்னா கேக்குற? பாக்கி இருந்தாலும் எதுக்கு ஆத்தா, ஒண்ணு விட்டுக்குடுத்தது பத்தாதா? சம்பந்திதான அவரு, சாமியா?