அனுமதிக் கடிதம் வரும் வரை

எங்கள் படிப்பைப் பற்றி வெளியே யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை சேர்ந்திருக்கிறேன் என்றதும் என் மாமா, "வேலை வாங்கித் தர்ற படிப்பாம்மா? அப்ப முதல்ல உங்க அண்ணனைக் கவனி" என்றார். கை கால் முடங்கியவர்களுக்குச் சாப்பிடவும் உடுத்தவும் தங்கள் தொழிலைத் திரும்பச் செய்யவும் பழக்குகிற படிப்பு என்று விளக்கினேன்.

நான் பயிற்சி செய்த மருத்துவமனையில் ஒரு சலூன்காரர் என்னிடம் வந்தபோது பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. விழுந்தது வலது கை, கத்தரிக்கோல் பிடிக்கிற கை. வாய் குழறினாலும் கிண்டல் குறையவில்லை. "யாரும்மா உங்களுக்கு முடி வெட்டினது? இந்தக் கை சரியாகட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரே நோயாளியை வைத்துச் செய்யும் ஆய்வு என்னுடையது. அதற்கு அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் நெறிமுறைக் குழுவின் கடிதம் வராமல் தொடங்கக் கூடாது. நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் குழு. அதன் கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்கு முன் கிடைக்கும் முன்னேற்றம் எதுவும் ஆய்வில் சேராது.

என்னிடம் வந்த மூன்றாம் நாளே அவர் துணிக் கிளிப்பை விரலால் அமுக்கித் திறந்துவிட்டார். இப்படியே போனால் கடிதம் வரும்போது நான் குணப்படுத்த அந்தக் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

"நரம்பு களைச்சுப் போயிருக்கு. நான் சொல்ற வரைக்கும் கையை அசைக்கவே விடாதீங்க" என்று அவர் மனைவியிடம் சொன்னேன். மணிக்கட்டோடு விரல்களையும் சேர்த்துக் கட்ட ஒரு பட்டை செய்து கொடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆரம்ப வாரங்களில் அசைக்காத கை பிறகு முழுதாகத் திரும்புவது கடினம். தேர்வில் இதே கேள்விக்குப் பதில் எழுதி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். சிகிச்சையை நான் மறுக்கவில்லை, தள்ளித்தான் வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பட்டையைக் கழற்றினால் விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. அளந்து குறித்துக்கொண்டேன். பிறகு உயிரைக் கொடுத்து உழைத்தேன், அது பொய்யில்லை. தம்ளர் பிடிக்கும் அளவுக்குக் கை வந்தது. கத்தரிக்கோலுக்கு வரவில்லை. ஆய்வின் வரைபடம் அழகாக மேலே ஏறியது. தேர்வாளர் பாராட்டினார், சலூனை அவர் வீட்டில் வேறொருவருக்கு விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது.

கடைசி நாள் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேம்மா. அசைக்கக் கூடாதுன்னு நீங்க அத்தனை தடவை சொல்லியும், ரெண்டு நாள் பட்டையைக் கழட்டி சீப்பு பிடிக்க விட்டேன். ஆசையா கேட்டாரு. அதனாலதான் கை இப்படி ஆயிடுச்சா?"

அந்த ஐந்து வாரத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த ஒரே சிகிச்சை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

"விடுங்கம்மா, வேணும்னா செஞ்சீங்க?" என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன்.